மேடம் மூச்சு வாங்கிய கோடை

என் கணவர் ஜூன் மாதம் தன் அக்கா மகளின் கல்யாணத்துக்காகச் சென்னைக்குப் போனார். இரண்டு வார லீவு. போன இடத்தில் அமெரிக்க விசா ஸ்டாம்பிங்கையும் முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்பது திட்டம். நான் டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். எனக்கு லீவு கிடைக்கவில்லை. பதினொரு வயது மகளுக்கு நீச்சல் போட்டிகள் இருந்தன. அதனால் அவர் மட்டும் கிளம்பினார். ஏர்போர்ட்டுக்குப் புறப்படும் முன் மீன் தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்.

“இதுல இருக்கறத மட்டும் பண்ணு, போதும். ரெண்டு வாரம்தானே” என்றார்.

நாங்கள் இருப்பது டெக்சஸில், கேட்டி என்ற ஊரில். வீட்டு வாசலை ஒட்டி ஒரு சாப்பாட்டு அறை இருக்கிறது. இங்கே பாதி வீடுகளில் அப்படி ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். அதில் நாங்கள் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. வருகிற விருந்தாளிகளும் கிச்சனில் நின்றபடியே தட்டை ஏந்திச் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அந்த அறையில்தான் முன்னூறு கேலன் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. உள்ளே பாறைகள், சில சின்ன மீன்கள், எல்லாவற்றுக்கும் நடுவே குயின் ஏஞ்சல் என்ற பெரிய மீன் ஒன்று.

ஆறு வருடத்துக்கு முன் அவர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில், காரின் முன் சீட்டில் பெல்ட் மாட்டிக் கொண்டுவந்தபோது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவு. நீலமும் பச்சையுமான உடம்பு. ஒவ்வொரு செதிலின் ஓரத்திலும் மஞ்சள் கோடு. வால் முழுக்க மஞ்சள். நெற்றியில் கருநீலப் பொட்டு ஒன்று, அதைச் சுற்றிப் பளிச்சென்ற நீல வளையம். கிரீடம்போன்ற அந்தப் பொட்டை வைத்துத்தான் அதற்கு ராணி என்று பெயர் வந்ததாம். என் கணவர் அதை மேடம் என்றுதான் சொல்வார். ஒரு சாப்பாட்டைப் போட்டு அது திரும்பிக்கூடப் பார்க்காத நாளில், “மேடத்துக்கு இந்த பிராண்ட் பிடிக்கல” என்று ஆரம்பித்தது. பிறகு வீட்டில் எல்லோருக்கும் அது மேடம் ஆகிவிட்டது.

அந்த ஆறு வருடத்தில் நான் தொட்டிக்குள் கை விட்டதில்லை. பிடிக்காமல் இல்லை. சில வீடுகளில் கணவர் கிதார் வைத்திருப்பார், மனைவி அதைத் தூசி தட்டுவதோடு சரி. அப்படித்தான் இருந்தேன்.

தாளில் எல்லாம் தெளிவாக இருந்தது. காலையில் கிளிப்பில் ஒரு கடல்பாசித் தாள். மாலையில் உறைந்த உணவுக் கட்டி இரண்டு. தினமும் வெப்பம், உப்பு அளவு பார்க்க வேண்டும். சனிக்கிழமை நாற்பது கேலன் தண்ணீர் மாற்ற வேண்டும். டாக்டர் எழுதிவைத்த ஆர்டரைப் பார்த்து வேலை செய்வது எனக்குப் பழக்கம்தான். ஒவ்வொரு வரியாகச் செய்து டிக் போட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஸ்டாம்பிங் இன்டர்வியூவும் நன்றாகத்தான் நடந்ததாம். ஆனால் அமெரிக்கத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மேற்கொண்டு சில விவரம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது, முடிந்ததும் சொல்கிறோம் என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாள் என்று அந்தச் சீட்டில் இல்லை. எங்களுக்குத் தெரிந்தவர்களில் இப்படி மாட்டியவர்கள் இருந்தார்கள். ஒருவருக்கு மூன்று வாரம் ஆனது. இன்னொருவருக்கு எட்டு மாதம்.

அவர் அக்கா வீட்டு முன்னறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்க ஆரம்பித்தார். நான் திங்கள், புதன், வெள்ளி டியூட்டி. அந்த நாட்களில் மகளை எதிர்வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி பார்த்துக்கொண்டார். மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்கு அவர் வீடியோவில் வருவார். முதலில் மகளை விசாரிப்பார். பிறகு மேடத்தை. பிறகு என்னை. என் வேலைக்கான அனுமதியும் அவருடைய விசாவைப் பிடித்துக்கொண்டுதான் தொங்கியது. அவர் வர முடியாமலே போனால் வேலை என்ன ஆகும், வீடு என்ன ஆகும் என்று எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவருக்கும் ஓடியிருக்கும். நாங்கள் அதைப் பேசவில்லை. மீனைப் பற்றிப் பேசினோம்.

ஜூலை முழுக்க ஒரு குறையும் இல்லை. கராஜ் சுவரில் ஒரு ஃபில்டர் வரிசை இருக்கிறது. குழாய்த் தண்ணீர் அதன் வழியாகச் சுத்தமாகி, மெல்ல ஒரு பெரிய டிரம்மில் சேரும். அதில் உப்பைக் கொட்டி ஒரு நாள் முழுக்கப் பம்பு ஓடவிட வேண்டும். மறுநாள் தொட்டியிலிருந்து பழைய தண்ணீரை எடுத்துவிட்டு இதை உள்ளே விட வேண்டும். டெக்சஸ் ஜூலையில் கராஜுக்குள் நிற்பது இட்லிக் கொப்பரைக்குள் நிற்பது மாதிரி. ஆனாலும் சனிக்கிழமைகளில் அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பிடிக்கத் தொடங்கியது. யாரும் என்னைக் கூப்பிடாத இரண்டு மணி நேரம் அது.

மேடத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். நான் கிட்டே போனால் முதலில் ஒரு கண்ணால் பார்க்கும். பிறகு உடம்பைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் முன்னால் வரும். கடல்பாசியைக் கிளிப்போடு பிடித்து உலுக்கும். சின்ன மீன் ஏதாவது அதன் பாறைப் பக்கம் போனால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், விரல் முட்டியால் மேசையைத் தட்டியதுபோல. முதல் தடவை வாசலில் யாரோ வந்துவிட்டார்கள் என்று கதவைத் திறந்து பார்த்தேன். அவரிடம் சொன்னபோது சிரித்தார். “அது அவ திட்டறது. எனக்கும் நெறைய விழுந்திருக்கு” என்றார்.

ஆகஸ்ட் முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடல்பாசி கிளிப்பில் அப்படியே இருந்தது. மகள்தான் பார்த்தாள்.

“அம்மா, ஷீ இஸ் நாட் ஈட்டிங். அண்ட் ஷீ இஸ் பிரீதிங் ரியலி ஃபாஸ்ட்.”

மேடம் தண்ணீர் வந்து விழும் மூலையில், மேற்பரப்பை ஒட்டி நின்றுகொண்டிருந்தது. செவுள் படபடவென்று அடித்தது. நிறம் மங்கியிருந்தது. சின்ன மீன்களும் பாறை இடுக்குகளில் ஒடுங்கிக் கிடந்தன.

எங்கள் சென்டரில் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் கவனிப்பது மூச்சைத்தான். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சு மாறிவிடும். அதனால் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நெஞ்சை எண்ணுவோம். மீனிடம் அந்தப் பாவனை வேண்டியிருக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். ஒரு நிமிடத்தில் நூற்றிருபத்தைந்து முறை செவுள் திறந்து மூடியது. எது சரியான எண் என்று எனக்குத் தெரியாது. ஃபோனில் ஜூலையில் எடுத்த வீடியோ ஒன்று இருந்தது. அதை ஓடவிட்டு எண்ணினேன். எழுபது.

அவருக்கு ஃபோன் போட்டேன். வெப்பம், உப்பு, அம்மோனியா, ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது. “ரெண்டு நாள் பாரு. செவ்வாய் பேசுவோம்” என்றார். செவ்வாய்க்கிழமை மூச்சு தொண்ணூறுக்கு வந்திருந்தது. வியாழக்கிழமை எண்பது, கடல்பாசியில் ஒரு மூலையைக் கடித்திருந்தது. இருவருக்கும் நிம்மதி. சனிக்கிழமை வழக்கம்போல் தண்ணீர் மாற்றினேன். ஞாயிறு காலை நூற்றி முப்பது. சின்ன மீன்களில் ஒன்றைக் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் முகம் திரையில் வந்தபோது அவர் தூங்கவில்லை என்று தெரிந்தது.

“தண்ணியிலதான் ஏதோ இருக்கு. இன்னிக்கே இன்னொரு நாப்பது கேலன் மாத்திடு. சனிக்கிழமை வரைக்கும் வெயிட் பண்ணாத.”

டிரம்மில் கலந்து வைத்த தண்ணீர் இருந்தது. மாற்றினேன். புதன்கிழமை டியூட்டி முடித்து வந்து பார்த்தால் மேடம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாறையில் உடம்பை முட்டுக்கொடுத்து நின்றது. மகள் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். டிவி போடவில்லை. அன்று எண்ணியது நூற்றி நாற்பத்தைந்து.

வியாழக்கிழமை காலை நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “சரி, பாதித் தண்ணிய மாத்திடு. ஒரே தடவையா. நூத்தம்பது கேலன்.”

எண்ணி வைத்ததையெல்லாம் நான் ஒரு தாளில் எழுதியிருந்தேன். பழக்கதோஷம். ஒரு பக்கம் மூச்சு, இன்னொரு பக்கம் அன்றைக்குச் செய்தது. அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன்.

“பாருங்க. தண்ணி மாத்தின மறுநாள்தான் ஏறுது. மாத்தாம விட்டா இறங்குது. மூணு தடவையும் அப்படித்தான்.”

“அது கோயின்சிடென்ஸா இருக்கலாம்.”

“இருக்கலாம். ஆனா பாதித் தண்ணிய நான் மாத்த மாட்டேன்.”

டாக்டர்களிடம் நான் இந்த வார்த்தையை இரண்டு மூன்று முறைதான் சொல்லியிருக்கிறேன். ஆர்டர் சரியில்லை என்று தோன்றினால் நர்ஸ் செய்யாமல் நிற்க வேண்டும், ஏன் என்று சொல்லவும் வேண்டும். அங்கே சொல்வது சுலபமாக இருந்தது. கணவரிடம் சொல்வது அப்படி இல்லை.

அவர் திரைக்குக் கிட்டே வந்து தாளைப் படித்தார். பிறகு, “நீ லோஷன் போட்ட கைய உள்ள விட்டியா?” என்று கேட்டார்.

நான் ஃபோனை வைத்துவிட்டேன். கராஜுக்குப் போய் உப்பு வாளியின் மேல் உட்கார்ந்தேன். அழுதேன் என்று சொல்ல முடியாது. மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டது. ஐந்து நிமிடம் கழித்து அவரிடமிருந்து மெசேஜ் வந்தது: சாரி.

வெள்ளிக்கிழமை டியூட்டி. முதல் நோயாளி வரும் முன், தண்ணீர் அறையில் டெக்னீஷியன் ஒரு காகிதப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் காட்டுவார். நான் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். டயாலிசிஸுக்குக் குழாய்த் தண்ணீரைத்தான் சுத்தம் செய்து எடுக்கிறோம். குழாய்த் தண்ணீரில் கிருமி வராமலிருக்கக் குளோரமின் என்ற குளோரின் வகையைக் கலந்து அனுப்புகிறார்கள். நாம் குடித்தால் ஒன்றும் இல்லை. நேராக ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதைப் பிடித்துவைக்கத்தான் பெரிய பெரிய கார்பன் தொட்டிகள். அவை பிடிக்கின்றனவா என்று பார்க்கத்தான் அந்தப் பட்டை. பட்டை வெள்ளையாகவே இருந்தால் சரி. ஐந்து வருடமாக நான் அதில் கையெழுத்துப் போட்டுவருகிறேன்.

அன்று டெக்னீஷியன் லாக் புத்தகத்தை நீட்டியபடி, இந்த மாதம் ஊர்த் தண்ணீரில் குளோரமின் கூடுதலாக வருகிறது, வெயிலுக்கு அப்படித்தான் போடுவார்கள், அதனால் வழக்கத்தைவிட அடிக்கடி சோதிக்கிறேன் என்றார். நான் பேனாவைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் கராஜ் ஃபில்டரிலும் ஒரு கார்பன் குழல் உண்டு என்று எனக்குத் தெரியும். அதை எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது. அலமாரிக் கதவில் இருந்த தாளில் கார்பன் என்ற வார்த்தையே இல்லை.

மீனுக்குச் செவுள்தான் நுரையீரல். தண்ணீரில் இருப்பது செவுள் வழியாக நேராக ரத்தத்துக்குப் போகும்.

டெக்னீஷியனிடம் விஷயத்தைச் சொல்லி, ஒரு பட்டை கிடைக்குமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். பிறகு குப்பைக்குப் போக வைத்திருந்த ஒரு டப்பாவை எடுத்துத் தந்தார். தேதி முடிந்து இரண்டு வாரம் ஆனது; நோயாளிகளுக்கு இதை வைத்துப் பார்க்கக் கூடாது, மீனுக்குப் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்து யூனிஃபார்மை மாற்றாமலே கராஜுக்குப் போனேன். டிரம் தண்ணீரில் பட்டையை நனைத்தேன். சில நொடிகளில் இளஞ்சிவப்பாக மாறியது. பழைய பட்டையை நம்ப வேண்டாம் என்று கடையில் வாங்கிய குடிநீர்ப் பாட்டிலில் இன்னொன்றை நனைத்தேன். வெள்ளையாகவே இருந்தது. மறுபடி டிரம். மறுபடி இளஞ்சிவப்பு. மேடத்துக்கு நல்லது செய்கிறோம் என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் இதை ஊற்றியிருக்கிறேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு அவர் வீடியோவில் வந்ததும் பட்டையைக் காட்டினேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன்.

“ஃபில்டர்ல மாட்டிருக்கற மீட்டர்ல ஜீரோ காட்டுதுல்ல?” என்றார்.

“மீட்டர் தண்ணியில கரைஞ்ச உப்பைத்தாங்க பாக்கும். இத பாக்காது. நாங்க தினம் பண்ற டெஸ்ட் இது. கார்பன் எப்ப மாத்தினீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பின்னால் அவருடைய அக்கா குக்கர் வைக்கும் சத்தம் கேட்டது.

“ஜூன்ல மாத்தணும். வந்து மாத்திக்கலாம்னு விட்டேன். ரெண்டு வாரம்தானேன்னு எழுதல.” கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “உன்னைப் போய் லோஷன்னு கேட்டேன்” என்றார்.

“பரவால்ல.”

“பரவால்ல இல்ல. இங்க உக்காந்துட்டு நான் வேற என்ன பண்ண முடியும் சொல்லு. இது ஒண்ணுதான் என் கையில இருக்குன்னு நெனச்சேன். அதையும் தப்பா சொல்லிருக்கேன்.”

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. அவரை அந்த முன்னறையில், சொந்தக்காரர்கள் வந்து போகிற நாற்காலிகளுக்கு நடுவே, அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மெலிந்திருந்தார். “நீங்க லைன்ல இருங்க. எந்த மரையை எப்படித் திருப்பணும்னு மட்டும் சொல்லுங்க” என்றேன்.

கடல்மீன் தொட்டிச் சாமான்கள் விற்கும் கடை திறந்ததும் போய்க் கார்பன் குழல்களும், குளோரமினை முறிக்கும் திரவம் ஒரு பாட்டிலும் வாங்கி வந்தேன். மகள் ஃபோனைப் பிடித்துக்கொண்டாள். இடப்பக்கமா வலப்பக்கமா என்று அவர் சொல்லச் சொல்ல நான் கழற்றினேன். ஒரு மூடி வரவே இல்லை. ஸ்பானரில் தொங்கிய பிறகுதான் அசைந்தது. கார்பன் மாற்றி, டிரம்மைக் கொட்டிவிட்டு, புதிதாக வந்த தண்ணீரைச் சோதித்தேன். பட்டை வெள்ளையாக இருந்தது. தொட்டிக்கு அந்தத் திரவத்தை அளந்து ஊற்றினேன். காற்றுக் குழாய் இரண்டு கூடுதலாகப் போட்டேன். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை.

ஞாயிறு நூற்றிருபது. திங்கள் நூற்றிப் பத்து. செவ்வாய் தொண்ணூற்றைந்து. மூச்சு இறங்கியது, ஆனால் சாப்பிடவில்லை. கடல்பாசி, உறைந்த கட்டி, எதையும் பார்க்கவில்லை. பெரிய ஏஞ்சல் மீன் ஒரு வாரத்துக்குமேல் சாப்பிடாமல் இருந்தால் பிறகு சாப்பாட்டையே மறந்துவிடும் என்று அவர் பயந்தார். எங்கள் நோயாளிகளிலும் அப்படிச் சிலர் உண்டு. பசி ஒரு தடவை போய்விட்டால் கெஞ்சித்தான் திரும்பக் கூப்பிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை வீடியோவில் அவர் சொன்னார்: “பிரெஷ்ஷா மட்டி கெடைக்குமா? ஓட்டோட. ஒண்ணைத் திறந்து அப்படியே மணல்ல வச்சுப் பாரு.”

இந்தத் தடவை அவர் யோசனை சரியாகத்தான் பட்டது. வியட்நாமியக் கடையில் உயிர் மட்டி வலைப்பையில் வைத்திருந்தார்கள். தூத்துக்குடிக்காரியான எனக்கு மட்டி திறக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தியை விட்டு ஒன்றைத் திறந்து, சதையோடு ஒரு பாதி ஓட்டைத் தொட்டியின் மணலில் இறக்கினேன். நானும் மகளும் தள்ளிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேடம் பாறையை விட்டு வந்தது. ஒரு கண்ணால் பார்த்தது. திரும்பி மறு கண்ணால் பார்த்தது. குனிந்து ஒரு கொத்து. ஓடு கவிழ்ந்து போனது. தன் மூக்காலேயே அதைப் புரட்டி நிமிர்த்தி, இன்னொரு கொத்து.

மகள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “டோன்ட் மூவ், அம்மா” என்றாள், மெதுவாக. நான் அசையவில்லை. ஓடு வழித்த கிண்ணம்போல ஆகும்வரை இருவரும் அங்கேயே இருந்தோம். வீடியோ எடுக்க மறந்துபோனோம். அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. வெறும் ஓட்டைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகு, “சரி, சரி” என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செப்டம்பரில் மேடம் பழையபடி ஆனது. வலது செவுளின் ஓரம் மட்டும் கொஞ்சம் சுருண்டு நின்றுவிட்டது. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அவருடைய பாஸ்போர்ட் அக்டோபரில் வந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் வந்து இறங்கினார். சாப்பிட்டார், குளித்தார், மறுநாள் வரை தூங்கினார். எழுந்ததும் காபியோடு தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மேடம் அவரைப் பார்த்துவிட்டுப் பாறைக்குப் பின்னால் போனது. கடல்பாசியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றார். வரவில்லை.

“மறந்துட்டா போல” என்றார்.

“உடம்பு சரியில்லாம போனதுல இருந்து புது ஆளுன்னா கொஞ்சம் பயப்படுது.”

“நான் புது ஆளா?”

அவரே சிரித்துக்கொண்டார், ஆனால் அவருக்கு வருத்தம்தான். மூன்று வாரம் தினமும் போய் நின்றார். கிட்டே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போகும். நவம்பரில் ஒரு நாள் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, “சாப்பிட்டா” என்றார்.

சனிக்கிழமைத் தண்ணீர் வேலையை அவர் வந்த பிறகும் நான் விடவில்லை. முதல் வாரம் அவர் ஹோஸை எடுக்கப் போனார். “நான் பண்றேன், நீங்க உப்பு வாளியத் தூக்கிக் குடுங்க” என்றேன். கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றார். டிரம்மில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கராஜ் கதவு திறந்திருந்தது, வெயில் குறைந்துவிட்ட மாதம். அப்போதுதான் அந்த ஐந்து மாதம் எப்படி இருந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் ஊர் திரும்பிய பிறகும் அவர் மட்டும் அங்கே இருந்ததை. எப்போது போகிறாய் என்று கேட்பவர்களிடம் ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று சொன்னதை. வீட்டை விற்க வேண்டிவருமோ என்று இரண்டு தடவை விலை பார்த்ததை.

“நானும் பாத்தேன்” என்றேன்.

“நீயுமா? எந்த மாசம்?”

“ஜூலை.”

அவர் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். டிரம் நிறைய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.